சூரைச்செடி நிழலில் ஒரு தூக்கம்

(பொதுக்காலம் 19-ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. வாசகங்கள்: 1 அர 19:4-8, எபே 4:30 - 5:2, யோவா 6:41-51)



இன்றைய முதல் வாசகத்தில் இறைவாக்கினர் எலியா தூங்குகிறார். ஒருமுறை அல்ல, இரண்டுமுறை. எலியா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நெருப்பு. கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் நானூற்றைம்பது பேருக்கு எதிராகத் தனியாக நின்று, வானத்திலிருந்து நெருப்பை இறக்கியவர். மூன்று ஆண்டுப் பஞ்சத்துக்குப் பிறகு மழையைக் கொண்டுவந்தவர். அந்த மழையில் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஆகாபு மன்னனின் தேருக்கு முன்னால் ஓடியவர். இவையெல்லாம் ஒரே நாளில் நடந்தவை என்பதை நாம் கவனிப்பதில்லை. அதன் பிறகு அரசி ஈசபேலிடமிருந்து கொலை மிரட்டல் வருகிறது. உயிர் தப்ப பெயேர்செபாவுக்கு ஓடுகிறார். பணியாளனை அங்கே விட்டுவிட்டு, பாலைநிலத்தில் இன்னும் ஒரு நாள் தொலைவு நடக்கிறார். ஒரு சூரைச்செடியைப் பார்த்ததும் கால் ஓய்ந்துவிடுகிறது. ஆண்டவரே போதும், என்னை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடிவிட்டுப் படுத்துத் தூங்கிப்போகிறார்.

இந்த வாசகத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னக் குப்பி நினைவுக்கு வரும். ஆள்காட்டி விரல் உயரம்கூட இருக்காது. இருமல் மருந்துப் பாட்டிலில் பாதி. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும். அதில் என் பாவ அறிக்கையும் ஒன்று இருக்கிறது.

சில ஆண்டுகள் நான் அமெரிக்காவில் பணியாற்றினேன். அங்கே குருக்கள் குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். நம் மறைமாவட்டங்களிலிருந்து பலர் அங்கே போய்ப் பணி செய்கிறார்கள். சோள வயல்களுக்கு நடுவே இருந்த மூன்று சிற்றூர்களின் ஆலயங்கள் என் பொறுப்பில் இருந்தன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே நாற்பது, ஐம்பது கிலோமீட்டர். சனி மாலை ஓரிடத்தில் திருப்பலி, ஞாயிறு காலை இரண்டிடங்களில். இவற்றோடு மருத்துவமனை அழைப்புகள். அவை நேரம் பார்த்து வருவதில்லை.

ஒரு பனிக்கால இரவு பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தினேன். கல்லாவின் அருகில், சிகரெட் லைட்டருக்கும் லாட்டரிச் சீட்டுக்கும் நடுவில், அந்தக் குப்பிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. எனக்கு முன்னால் நின்ற லாரி ஓட்டுநர் மூன்றை எடுத்து மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கல்லாவில் இருந்த பெண்மணியின் கையருகிலும் திறந்த குப்பி ஒன்று இருந்தது. அவருக்கு அது அன்றைய நாளின் இரண்டாவது வேலை. நானும் ஒன்று வாங்கினேன். ஏறக்குறைய மூன்று டாலர். காருக்குள் உட்கார்ந்து இரண்டு மடக்கில் குடித்தேன். இனிப்பும் கசப்புமாக, பழவாசனை போட்ட மருந்து போல இருந்தது. அரை மணி நேரத்தில் கண் பளிச்சென்று திறந்துகொண்டது. அதை மறுக்க முடியாது. அது வேலை செய்கிறது. அதனால்தான் இத்தனை பேர் வாங்குகிறார்கள்.

இந்தக் குப்பியின் கதை சுவையானது. அமெரிக்காவில் இதைப் பெரிய வணிகமாக்கியவர் ஓர் இந்தியர். லக்னோவில் பிறந்து, 14 வயதில் பெற்றோருடன் அமெரிக்கா போன மனோஜ் பார்கவா. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு படித்துவிட்டு விட்டுவிட்டார். பிறகு பல ஆண்டுகள் இந்தியாவுக்கு வந்து ஆசிரமங்களில் துறவிகளோடு வாழ்ந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அமெரிக்கா திரும்பித் தொழிலில் இறங்கியவர், கலிபோர்னியாவில் ஒரு கண்காட்சியில் ஊக்கபானம் ஒன்றைக் குடித்துப் பார்த்தார். அது அரை லிட்டர் அளவு. அசதியாக இருப்பவனுக்குத் தாகமும் இருக்க வேண்டுமா என்ன என்று அவருக்குத் தோன்றியது. 2004-இல் 57 மில்லி லிட்டர் குப்பியில் ‘ஃபைவ் அவர் எனர்ஜி’யைக் கொண்டுவந்தார். சின்னது என்பதால் குளிர்பானங்களோடு அலமாரியில் போட்டியிட வேண்டியதில்லை. கல்லாவின் பக்கத்தில், பணம் கொடுக்கக் கை நீளும் இடத்திலேயே வைக்கலாம். 2012 வாக்கில் அதன் சில்லறை விற்பனை ஆண்டுக்கு நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பிறகு எத்தனையோ நிறுவனங்கள் அதே அளவில் குப்பிகளை இறக்கின. ஆசிரம அமைதியை அறிந்த ஒருவர், உலகத்தின் தூக்கத்தைத் தள்ளிப்போடும் பொருளால் கோடீசுவரர் ஆனார் என்பதை நினைத்து நான் சிரித்ததுண்டு. குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நானும் துறவு வாழ்வுக்கு வந்தவன்தான், நானும்தான் அந்த வகைக் குப்பியை வாங்கிக் குடித்தேன்.

உண்மையில் சின்னக் குப்பி அமெரிக்காவில் பிறந்ததே அல்ல, ஆசியாவில் பிறந்தது. ஜப்பானில் 1962-இல் ‘லிபோவிட்டன் டி’ என்ற பெயரில் 100 மில்லி லிட்டர் பழுப்புக் கண்ணாடிக் குப்பி வந்தது. இரவு வெகுநேரம் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஊழியர்கள் நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்கள். அளவுக்கு மீறி வேலை செய்து சாவதற்கு ‘கரோஷி’ என்று தனிச்சொல்லே வைத்திருக்கும் நாடு அது. தாய்லாந்தில் 1970-களில் ‘கிராட்டிங் டேங்’ வந்தது. அங்கே குடித்தவர்கள் லாரி ஓட்டுநர்கள், கட்டடத் தொழிலாளர்கள், வயலில் உழைப்பவர்கள். அதன் வழியாகத்தான் 1987-இல் ஆஸ்திரியாவில் ‘ரெட் புல்’ பிறந்து, கார் பந்தயத்துக்கும் இளைஞர் கொண்டாட்டத்துக்கும் உரிய பானமாக வேடம் மாறியது. தொடக்கத்திலிருந்தே இந்தக் குப்பி, தூங்க நேரம் கொடுக்கப்படாதவர்களின் குப்பி. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வருவேன்.

அதற்குள் என்ன இருக்கிறது? பி வகை வைட்டமின்கள், டாரின் என்று பட்டியல் நீளும். உண்மையில் வேலை செய்வது காஃபின்தான், ஏறக்குறைய 200 மில்லிகிராம். இரண்டு கப் அமெரிக்கக் காபியின் அளவு, இரண்டு மடக்கில். நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது தனக்கென்று இருக்கும் இடங்களில் போய் அமரும்போது நமக்குக் கண் சொக்குகிறது. காஃபின், உருவில் அடினோசினைப் போன்றது. அது முந்திப்போய் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள் அல்லவா, அது போல. இடம் கிடைக்காத அடினோசின் இறங்கிப் போய்விடவில்லை. நின்றுகொண்டே வருகிறது. வழியில் இன்னும் ஆட்களை ஏற்றிக்கொள்கிறது. துண்டை எடுத்த நொடியில் எல்லாரும் சேர்ந்து உட்காருகிறார்கள். குடித்த காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கவே பலருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். இரவு 2 மணிக்குக் குடித்தது காலை 7 மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். அந்த நேரத்தில் படுத்தாலும் நல்ல தூக்கம் வராது. எழுந்ததும் மறுபடி குப்பிதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘எனர்ஜி’ என்று பெயர் எழுதிய அந்தக் குப்பியின் சீட்டில் கலோரி எவ்வளவு என்று ஒருநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். நான்கு. வெறும் நான்கு கலோரி. ஒரு சின்ன பிஸ்கட்டில் இதைவிடப் பல மடங்கு இருக்கும். அதாவது உடலுக்கு எரிபொருள் என்று எதுவும் அதில் இல்லை. இருக்கும் வலிமையைக் கூட்டுவதில்லை. இல்லாத வலிமை இருப்பது போலக் காட்டுகிறது. எண்ணெய் தீர்ந்த விளக்கின் திரியைத் தூண்டிவிடுவது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள்.

காபி குடிப்பது பாவமா சாமி என்று யாராவது கேட்கலாம். நான் காலையில் இரண்டு டம்ளர் குடிக்கிறவன். அளவாகக் குடித்தால் அதில் தவறொன்றும் இல்லை. உடல்நலமுள்ள பெரியவர்கள் ஒரு நாளில் 400 மில்லிகிராம் காஃபின் வரை பெரும்பாலும் தாங்குவார்கள் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்கிறது. ஆனால் காபிக்கு ஒரு நேரம் பிடிக்கிறது. பால் காய வேண்டும், யாரோ ஆற்றித் தர வேண்டும், சூடு ஆற உட்கார வேண்டும். உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசுவோம். குப்பிக்கு இதெல்லாம் தேவையில்லை. எதற்காகவும் நிற்காமல் இருக்கவே அது செய்யப்பட்டது.

என் கதைக்கு வருகிறேன். வாரத்துக்கு ஒன்றாக இருந்தது, நாளுக்கு ஒன்றாயிற்று. தவக்காலம் வந்தபோது நாளுக்கு இரண்டு, காபி தனி. சாப்பாட்டை விட்டுவிட்டுக் குப்பியைக் குடித்த நாள்களும் உண்டு. அதை நோன்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நெஞ்சு சிலநேரம் பறவை சிறகடிப்பது போல அடித்துக்கொள்ளும். யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஆண்டுகளில்தான் அங்கே ஊக்கபானங்கள் பற்றிய கவலை எழுந்தது. ஊக்கபானம் குடித்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த வருகைகள் 2007-இல் 10,068. 2011-இல் அது 20,783. செய்தித்தாளில் படித்தேன். படித்துவிட்டு அடுத்த குப்பியைத் திறந்தேன். நிறுவனத்தைக் குறை சொல்ல மாட்டேன், திறந்த கை என்னுடையது.

புனித வாரத்தில் ஒரு நாள், நள்ளிரவு தாண்டித் தொலைபேசி ஒலித்தது. பண்ணை வீடொன்றில் முதியவர் ஒருவர் இறுதிக் கட்டத்தில் இருந்தார். அவருடைய மனைவி அழைத்திருந்தார். ஒரு குப்பியைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன். நாற்பத்தைந்து கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தேன். நோயில்பூசுதல் கொடுத்தேன். எண்ணெய் தொட்ட என் பெருவிரல் நடுங்கியது. அவருடைய நெற்றியில் சிலுவை சரியாக விழவில்லை. செபங்களை வேகவேகமாகச் சொன்னேன். வேண்டுமென்று அல்ல, நாக்கு அப்படித்தான் ஓடியது. முடிந்ததும் அந்த அம்மா, கொஞ்ச நேரம் எங்களோடு உட்காருங்கள் ஃபாதர் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். என் முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. கையால் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை. ஐந்து நிமிடம்கூட என்னால் இருக்க முடியவில்லை. காலையில் பணி இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அது பொய்யல்ல, ஆனாலும் பொய். வீட்டுக்கு வந்து விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். விழித்திருந்தேன், ஆனால் விழித்திருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அவர் விடியுமுன் இறந்தார்.

அடக்கத் திருப்பலி முடிந்ததும் அந்த அம்மா என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். அவர் சொன்னது இதுதான்: “ஃபாதர், அன்றைக்கு நீங்கள் ரொம்பவும் களைத்திருந்தீர்கள். அடுப்பில் சூப் இருந்தது. ஒரு கிண்ணம் கொடுக்கலாம் என்று எழுந்தேன். அதற்குள் போய்விட்டீர்களே.”

கணவர் சாகக் கிடக்கும் இரவில், அவருக்கு என் களைப்பு தெரிந்திருக்கிறது. அதை எல்லாரிடமிருந்தும் மறைத்துவிட்டதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எலியாவின் வாசகத்தை நான் வேறு விதமாகப் படிக்கத் தொடங்கினேன். வானதூதர் அவரைத் தட்டி எழுப்புகிறார். எழுப்பி என்ன சொல்கிறார்? இறைவாக்கினரே, இஸ்ரயேலில் எவ்வளவு வேலை கிடக்கிறது, இங்கே தூங்கிக்கொண்டிருக்கிறீரே என்று கேட்கவில்லை. சாக வேண்டும் என்று மன்றாடியதற்காகக் கண்டிக்கவும் இல்லை. எழுந்து சாப்பிடும் என்கிறார். தலைமாட்டில் கல்லில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும். பாலைநிலத்தில் யாரோ நெருப்பு மூட்டி, மாவு பிசைந்து, சுட்டு வைத்திருக்கிறார்கள். எலியா சாப்பிட்டுவிட்டு என்ன செய்கிறார்? மறுபடி படுத்துவிடுகிறார். நானாக இருந்தால் அந்த இடத்தில் வானதூதருக்குப் பொறுமை போயிருக்கும் என்று எழுதியிருப்பேன். அவர் தூங்க விடுகிறார். இரண்டாம் முறை வந்து, மறுபடியும் சாப்பாடுதான். இப்போதுதான் பயணத்தைப் பற்றிப் பேசுகிறார். இந்த வழி உமக்கு மிகவும் நீளமானது என்று ஒத்துக்கொள்கிறார். கடவுளின் தூதர் ஒரு மனிதரிடம், இது உன் சக்திக்கு மேற்பட்டது என்று ஒப்புக்கொள்ளும் இடம் இது. அந்த உணவின் வலிமையால் அவர் ஓரேபு மலைவரை நாற்பது பகலும் நாற்பது இரவும் நடந்தார். குப்பி தருவதாகச் சொல்வது ஐந்து மணி நேரம்.

இன்றைய நற்செய்தியில் இயேசு, விண்ணிலிருந்து இறங்கி வந்த உயிருள்ள உணவு தாமே என்கிறார். இந்த அதிகாரத்தின் தொடக்கத்தை மறந்துவிடாதீர்கள். அப்பத்தைக் கையில் எடுக்குமுன் மக்களைப் புல்தரையில் அமரச் செய்தார். களைத்து வந்தவர்களை முதலில் உட்கார வைத்தார். நம் திருப்பலியும் அப்படித்தான் இருக்க வேண்டும். அன்று நான் அந்தப் பண்ணை வீட்டில் செய்தது திருவருள்சாதனம்தான், அதன் பயனைக் கடவுள் குறைத்திருக்க மாட்டார். உட்கார மட்டும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஒரு நிமிடம் முன்பு, தூங்க நேரம் கொடுக்கப்படாதவர்களின் குப்பி என்றேன். ஓய்வு நாள் கட்டளையை இணைச்சட்ட நூலில் (5:12-15) படித்துப் பாருங்கள். நீ ஓய்ந்திரு என்று மட்டும் அங்கே இல்லை. உன் அடிமையும், உன் மாடும் கழுதையும், உன் ஊரில் இருக்கும் அந்நியனும் உன்னைப் போலவே ஓய வேண்டும் என்று இருக்கிறது. காரணமும் சொல்லப்படுகிறது: எகிப்தில் நீயும் அடிமையாக இருந்தாய். அங்கே பார்வோன் என்ன செய்தான்? கடவுளை வழிபட மூன்று நாள் விடுப்புக் கேட்டவர்களைச் சோம்பேறிகள் என்றான். வைக்கோலை நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள், செங்கல் எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது என்றான். நம் பெரியவர்கள் சிங்கராயர் என்று அழைத்த திருத்தந்தை 13-ஆம் லியோ, 1891-இல் ‘ரேரும் நோவாரும்’ மடலை எழுதியபோது, உழைப்பின் நேரம் மனிதரின் வலிமையை மீறக்கூடாது என்பதையும் ஓய்வு நாளையும் சேர்த்தே வலியுறுத்தினார். அன்றைக்கு மனிதனை விழிக்க வைக்கச் சாட்டையும் ஆலைச் சங்கும் தேவைப்பட்டன. இன்று அவனே காசு கொடுத்து வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறான்.

இது அமெரிக்கக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். நான் இப்போது பணியாற்றும் பங்கு தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. இரவும் பகலும் கன்டெய்னர் லாரிகள். முன்பெல்லாம் ஓட்டுநர்கள் டீக்கடையில் வண்டியை நிறுத்துவார்கள். முகம் கழுவுவார்கள், டீ குடிப்பார்கள், கயிற்றுக் கட்டிலில் ஒரு மணி நேரம் கண் அயர்வார்கள். இப்போது பெட்டிக்கடையில் கைநீட்டி அந்தச் சிவப்புப் பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கால் லிட்டர், இருபது ரூபாய். நம் நாட்டுச் சட்டம் கடுமையானதுதான். காஃபின் பானத்தில் லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, எனவே ஒரு பாட்டிலில் 75-க்கு மேல் வராது. அமெரிக்கக் குப்பியை லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 3,500 வரும். ஆனால் இங்கே சர்க்கரை நிறைய, விலை மலிவு, ஒன்றோடு யாரும் நிறுத்துவதில்லை. குழந்தைகளுக்கும் கருவுற்றிருப்போருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஏற்றதல்ல என்று பாட்டிலிலேயே எழுதியிருக்கிறது. எழுத்து பொடியாக இருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பிள்ளைகள் கையிலும் அதைப் பார்க்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பையனின் அம்மா என்னிடம் பெருமையாகச் சொன்னார்கள், இரவு இரண்டு மணிவரை படிக்கிறான் சாமி, நான்தான் தினமும் வாங்கி வைக்கிறேன் என்று. பிள்ளைமேல் உள்ள அன்பினால்தான் செய்கிறார்கள். அம்மா, அவனைத் தூங்க விடுங்கள் என்றேன். மார்க் குறைந்தால் நீங்கள் சீட்டு வாங்கித் தருவீர்களா என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தேர்வு முடியும்வரை அவனுக்காகச் செபிக்கிறேன் என்றேன், அவன் தூங்கவும் செபிக்கிறேன் என்று சேர்த்துச் சொன்னேன்.

கடைசியாக ஒரு பயணத்தைச் சொல்லி முடிக்கிறேன். இன்னும் சில நாள்களில் வேளாங்கண்ணியில் கொடியேறிவிடும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை எத்தனை ஊர்களிலிருந்து எத்தனை வேன்கள். சென்ற ஆண்டு எங்கள் பங்கிலிருந்தும் ஒரு வேன் போனது, நானும் போனேன். வழக்கம் போல இரவு கிளம்பினோம். பகலில் வேலையைக் கெடுக்காமல், அறைவாடகையும் இல்லாமல், விடிகாலைத் திருப்பலிக்குப் போய்விடலாம் என்பது நம் கணக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலை. செபமாலை சொன்னோம், பாட்டுப் பாடினோம், இராமநாதபுரம் தாண்டியதும் எல்லாரும் தூங்கிப்போனார்கள். இரவு இரண்டரை மணிக்கு ஒரு கடை முன்னால் வண்டி நின்றது. நம் ஆள் ஒருவர் இறங்கிப் போய் இரண்டு சிவப்புப் பாட்டில்கள் வாங்கி ஓட்டுநரிடம் கொடுத்தார். “தம்பி, தூக்கம் வருதா? இதைக் குடிங்க, மாதா பார்த்துக்குவாங்க.” நல்ல மனத்தோடுதான் கொடுத்தார்.

நான் முன் இருக்கையில் இருந்தேன். அந்தத் தம்பி இரண்டையும் குடித்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். அவருடைய இடது முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த முழங்காலைத் தெரியும்.

எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று கேட்டேன். சிரித்து மழுப்பினார். மறுபடி கேட்டதும், மூன்று நாளாக வண்டியில்தான் சாமி, சீசன் நேரம், மொதலாளி டிரிப்பை விட முடியாது என்றார். வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. ஆறு மணித் திருப்பலி போய்விடுமே சாமி என்றார்கள். போகட்டும் என்றேன். கோபமாகத்தான் சொன்னேன், அதற்கு வருந்துகிறேன். அவர் உள்ளே போன காஃபினோடு உடனே தூங்க முடியாமல் வெகுநேரம் புரண்டார். நான்கு மணிக்கு மேல்தான் கண் அசந்தார். நாங்கள் சாலையோரம் உட்கார்ந்திருந்தோம். கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிரித்தார்கள். விடிந்து வெயில் ஏறிய பிறகு அவர் எழுந்தார், அவருக்கும் ஒரு பொட்டலம் எடுத்து வைத்திருந்தார்கள். பத்து மணித் திருப்பலியில் கலந்துகொண்டோம். மாதா கோவித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஓட்டுநர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓட்டலாம், எப்போது ஓய வேண்டும் என்பதற்கெல்லாம் 1961-ஆம் ஆண்டே நம் நாட்டில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் போட்டார்கள். வண்டி பேசும்போது நம்மில் யார் அதைக் கேட்கிறோம்? வாடகையைத்தான் கேட்கிறோம். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் குறைத்தோமா என்று பார்க்கிறோம். நேர்ந்துகொண்ட பயணத்தை இன்னொருவருடைய தூக்கத்தில் செய்துவிட்டு வருகிறோம்.

இந்த ஆண்டு பங்குப்பேரவையில் இதை வைத்தேன். பேச்சு நீண்டது. இரண்டாவது ஓட்டுநருக்குக் காசு யார் கொடுப்பது என்றார்கள், பகலில் போனால் ஒரு நாள் கூலி போகிறதே என்றார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள், தினக்கூலிக்குப் போகிறவர்கள் கேட்டவை. கடைசியில் வேன் இரவில் கிளம்பாது என்று முடிவாயிற்று. ஓட்டுநர் முந்தின மாலையே வந்து பங்கு இல்லத்தில் தங்குவார். மேல்மாடி அறையில் மின்விசிறி ஓடுகிறது, பாய் இருக்கிறது. அன்பியத்துப் பெண்கள் இரவுச் சாப்பாடு கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். காலை நான்கு மணிக்கு எழுந்து இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம்.

போன வாரம் அந்தத் தம்பியையே தொலைபேசியில் அழைத்து ஏற்பாட்டைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “என்ன சாமி, தூங்குறதுக்கா கூப்பிடுறீங்க?” என்றார். ஆமாம் தம்பி, சாப்பிட்டுவிட்டுத் தூங்கத்தான் என்றேன்.